எண்ணூறு ரூபாய்தானே

2024 தீபாவளிக்கு வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தபோது, சமையலறையில் காணாமல்போன டப்பாக்களை என் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். மூடியில் ரப்பர் வளையம் வைத்த, காற்று புகாத பெரிய டப்பாக்கள் நான்கு. என் மேசைக்கு அடியில் பழைய பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு இருந்தன.

“ஏங்க, இதுல எத்தனை லென்ஸ் இருக்கு?”

“பத்து, பன்னிரண்டு இருக்கும்.”

தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். 27.

“கேமரா எத்தனை?”

ஒன்று. அதுவும் செகண்ட் ஹேண்ட்.

அன்று ராத்திரி போனில் பணம் அனுப்பிய விவரத்தையும் டைரியில் குறித்ததையும் வைத்துக் கூட்டிப் பார்த்தேன். மூன்று வருஷத்தில் லென்ஸுக்கு மட்டும் 29,650 ரூபாய். லென்ஸைக் கேமராவில் பொருத்துகிற அடாப்டர், ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல், ஸ்க்ரூடிரைவர், துடைக்கிற துணி என்று இன்னொரு 9,200. சராசரி போட்டால் ஒரு லென்ஸ் 1,100 ரூபாய்க்குள்தான். ஆளைக் கவிழ்த்தது அந்த ‘தான்’. மொத்தமாக 38,850 ரூபாய்க்கு ஒரு லென்ஸ் வாங்கு என்று யாராவது சொல்லியிருந்தால் ஆறு மாதம் யோசித்திருப்பேன், வீட்டில் கேட்டிருப்பேன், கடைசியில் வாங்கியிருக்கவும் மாட்டேன். எண்ணூறு ரூபாய்க்கு யார் யோசிக்கிறார்கள்?

வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். வேலை புதுச்சேரி சேதராப்பட்டில், ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்தில். ஆறு நாளும் அந்த ஊருக்கே போய்வருகிறவன், ஏழாவது நாளும் வண்டியை எடுத்துக்கொண்டு கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் தாண்டிப் போனதற்குக் காரணம் காந்தி வீதியின் சண்டே மார்க்கெட். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவுக்குள்ளேயே இன்னொரு கடைத்தெரு முளைத்துவிடும். முக்கால்வாசி துணிமணியும் செருப்பும்தான். நடுநடுவே பழைய புத்தகம், பித்தளைச் சாமான், ஓடாத கைக்கடிகாரம், ரிமோட் குவியல். எனக்கு வேண்டியது அந்த ரிமோட் குவியலுக்குப் பக்கத்தில் இருக்கும்.

2021 கடைசியில் அப்படி ஒரு குவியலில்தான் செத்துப்போன ஜெனித் கேமரா ஒன்றைப் பார்த்தேன். ஷட்டர் இறுகிக் கிடந்தது, தோல் உரிந்திருந்தது. ஆனால் முன்னால் திருகியிருந்த லென்ஸ் உயிரோடு இருந்தது. ஹீலியோஸ் 44-2. 58 மில்லிமீட்டர் குவியத் தூரம், எஃப்/2 வரை திறக்கிற அபர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழைகிற துளை. சோவியத் நாட்டில், ஜெர்மனியின் ஸைஸ் பயோட்டாரைப் பார்த்துச் செய்தது. இரும்புக் குண்டு மாதிரி கையில் கனத்தது. லென்ஸில் பொறித்திருந்த வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கம் 78. சோவியத் லென்ஸ்களில் பெரும்பாலும் அதுதான் தயாரான வருஷம். என்னைவிட எட்டு வயது மூத்தது.

“அண்ணே, ரஷ்யா சாமான். கீழ போட்டா தரைதான் உடையும்” என்றார் கடைக்காரர். 1,500 சொன்னார். 800-க்கு முடிந்தது. அவர் விலை வைத்தது கேமராவுக்கு. ஷோகேஸில் வைக்கிற பொருள் என்று. லென்ஸ் அவருக்கு ஒரு மூடி மாதிரி. இது அப்புறம் எனக்குப் பல தடவை உதவிய விஷயம்: “லென்ஸ் இருக்கா?” என்று கேட்டால் விலை ஏறும், “பழைய கேமரா ஏதாவது கிடக்குதா?” என்று கேட்டால் ஏறாது.

அன்றைக்கு என்னிடம் இருந்தது நிக்கான் டி3100. எம்42 என்கிற திருகு வகை லென்ஸுக்கான அடாப்டர் ஒன்று வரவழைத்து, மாட்டிக்கொண்டு நேராகக் கடற்கரைக்குப் போனேன். 1836-இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம் இருக்கிறதே, அதை எடுக்கலாம் என்று. ஃபோகஸ் வளையத்தைக் கடைசிவரை திருப்பியும் விளக்கம் வெறும் வெள்ளைப் புகையாகத்தான் தெரிந்தது. ஆறேழு அடிக்கு அப்பால் எதுவும் ஃபோகஸ் ஆகவில்லை. லென்ஸ் பழுது என்று நினைத்து இரண்டு வாரம் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பழுது அதில் இல்லை. லென்ஸ் மாட்டுகிற வாயான மவுண்டிலிருந்து, படம் பதிவாகிற சென்சார் வரை எவ்வளவு தூரம் இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு கேமரா வகைக்கும் ஒரு அளவு உண்டு. எம்42 திருகு லென்ஸ்களுக்கு 45.46 மில்லிமீட்டர். நிக்கானுக்கு 46.5. ஒரு மில்லிமீட்டரும் சொச்சமும் லென்ஸ் தள்ளி நிற்கிறது, அதோடு அடாப்டரின் கனமும் சேர்கிறது. தூரத்து ஃபோகஸ் போச்சு. நடுவில் லென்ஸ் கண்ணாடி வைத்த அடாப்டர் போட்டால் தூரம் வரும். படம் மோர் ஊற்றின மாதிரி ஆகிவிடும். கேனானின் ஈஎஃப் மவுண்ட் 44, அதனால் அதில் எம்42 ஒழுங்காக வேலை செய்யும். உள்ளே பிரதிபலிக்கிற கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் கவலையே இல்லை. சோனி ஈ மவுண்டில் 18 மில்லிமீட்டர்தான், நடுவில் எந்த அடாப்டரும் உட்காரும். நிக்கானை விற்று, பழைய சோனி ஏ6000 ஒன்று வாங்கினேன். 800 ரூபாய் லென்ஸுக்காகக் கேமராவையே மாற்றினேன் என்பதை மேலே சொன்ன 38,850-இல் சேர்க்கவில்லை. வீட்டிலும் சேர்த்துச் சொல்லவில்லை.

சோனியில் முதலில் ஷட்டரே அடிக்கவில்லை. மெனுவில் ‘லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்’ என்று ஒன்றை ஆன் செய்யவேண்டும். பழைய லென்ஸில் மின் தொடர்பு கிடையாது என்பதால் லென்ஸ் மாட்டியிருப்பதே கேமராவுக்குத் தெரியாது. அப்புறம் ஃபோகஸ் பீக்கிங். கூர்மையாக இருக்கிற விளிம்பில் நிறம் பூசிக் காட்டும். அதை முழுசாக நம்பவேண்டாம். எஃப்/2-இல் மூக்கையும் சேர்த்துப் பூசிவிடும். பெரிதாக்கிக் கண் இமையைப் பார்த்துத் திருப்புவதே நிச்சயம்.

ஹீலியோஸுக்குப் பேர் வாங்கித் தந்தது அந்தச் சுழல்: ஆளுக்குப் பின்னால் இலைகள் வட்டமாகச் சுற்றுவது மாதிரி விழும். தேவனாம்பட்டினம் சவுக்குத் தோப்பில் என் பெண்ணை நிற்கவைத்து எடுத்தேன். ஐந்தாறு அடியில் ஆள், பின்னால் பதினைந்து இருபது அடியில் இலைகளுக்கிடையே வெளிச்சம். வந்தது, ஆனால் பாதிச் சுழல்தான். அது விளிம்பில்தான் பலமாக இருக்கும். ஏ6000-இன் சின்ன சென்சார் விளிம்பை வெட்டிவிடுகிறது. ஃபுல் ஃப்ரேம், அதாவது பழைய ஃபிலிம் அளவுக்குப் பெரிய சென்சார், இல்லாதவர்கள் இந்த ஒரு காரணத்துக்காக ஹீலியோஸ் வாங்கவேண்டாம். நான் இதைத் தெரிந்துகொண்ட பிறகும் இன்னும் இரண்டு ஹீலியோஸ் வாங்கினேன். ஒன்றில் 44-2 என்பதற்குப் பதில் 44எம்-4 என்று போட்டிருந்தது, அவ்வளவுதான் காரணம். அதில் பின்னால் ஒரு ஊசி இருக்கும், அதை அடாப்டர் அழுத்திப் பிடிக்காவிட்டால் அபர்ச்சர் சுருங்காது. ஆகவே விளிம்பு வைத்த அடாப்டர் இன்னொன்று. எண்ணூறு ரூபாய் லென்ஸ், எழுநூறு ரூபாய் அடாப்டர்.

போகப்போக வாங்குவதில் ஒரு ஒழுங்கு வந்தது. மார்க்கெட்டுக்குப் போகும்போது பாக்கெட்டில் ஒரு சின்ன டார்ச். அபர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து சாய்வாக வெளிச்சம் அடித்து முன்பக்கத்திலிருந்து பார்ப்பேன். தூசி தெரியும், தூசி எல்லா லென்ஸிலும் உண்டு, படத்தில் வராது. முன் கண்ணாடியில் ஒரு கீறலும் பெரிய விஷயமில்லை. பின் கண்ணாடியில் கீறல் இருந்தால் வைத்துவிட்டு நடையைக் கட்டவேண்டியதுதான், வெளிச்சம் பட்டால் படத்தில் தெரியும். பால் ஊற்றினாற்போல் மங்கல் இருந்தால் விலையைப் பாதியாக்கிப் பேசலாம். ஓரத்தில் வானவில் மாதிரி வளையம் தெரிந்தால், ஒட்டவைத்த இரண்டு கண்ணாடிகள் பிரிகின்றன என்று அர்த்தம். அதை நம்மால் சரிசெய்ய முடியாது. அபர்ச்சர் தகட்டில் எண்ணெய்ப் பளபளப்பு, ஃபோகஸ் வளையத்தின் இறுக்கம், இவற்றையும் பார்க்கவேண்டும். இறுகின வளையத்தை என்னால் சரிசெய்ய முடியும் என்று ஒரு காலத்தில் நினைத்தேன்.

அந்தக் கதையைச் சொல்லவேண்டும். கிழக்கு ஜெர்மனி பென்டகான் 50 எஃப்/1.8 ஒன்று, 600 ரூபாய். கிரீஸ் காய்ந்து வளையம் அசையவே இல்லை. முன்வளையத்தைக் கழற்ற சைக்கிள் ட்யூப் துண்டை வைத்து அழுத்தித் திருகினேன், வந்தது. உள்ளே இருக்கிற காடி வளையங்களுக்குத் தனி ஸ்பானர் உண்டு. நான் பெண்ணின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து டிவைடரை எடுத்து முனையைத் தேய்த்துப் பயன்படுத்தினேன். ஒரு தடவை வழுக்கி, கண்ணாடிக்கு நூலிழை தூரத்தில் நின்றது. அதிலும் தப்பித்து, ஃபோகஸ் திருகை முழுசாகச் சுழற்றி வெளியே எடுத்து, பழைய கிரீஸை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் கழுவி, புதிது தடவினேன். பரம திருப்தி. திரும்ப மாட்டும்போதுதான் தெரிந்தது, அந்தத் திருகுக்கு ஒரு வாய் இல்லை, பல வாய். எந்த வாயில் நுழைத்தாலும் உள்ளே போகும், வளையமும் சுற்றும். ஆனால் சரியான வாயில் நுழைத்தால்தான் தூரம் ஃபோகஸ் ஆகும்.

நான்கு சாயங்காலம். மாட்டுவேன், மாடிக்குப் போய்ச் செல்போன் டவரைப் பார்ப்பேன், மங்கல், இறங்கிவந்து கழற்றுவேன். ஐந்தாம் நாள் தற்செயலாகச் சேர்ந்தது. பிரிகிற அந்த நொடியில் இரண்டு பாகத்திலும் ஊசியால் ஒரு கோடு போட்டிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. ஒரு பாகம் கழன்றால் போனில் ஒரு படம், பிரியும் இடத்தில் ஒரு கோடு: இதை இப்போது மறப்பதே இல்லை. இன்னொன்று, ஜப்பான் லென்ஸ்களின் திருகுத் தலை நம் ஊர் ஸ்டார் ஸ்க்ரூடிரைவருக்குச் சரியாகப் பொருந்தாது. ஜேஐஎஸ் என்கிற ஜப்பான் அளவு முனை தனியாக விற்கிறது. அது இல்லாமல் தொட்டால் தலை வழவழவென்று ஆகிவிடும்.

குருசுக்குப்பம் பக்கம் ஒரு சொல்தா வீடு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். பெரியவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன. மருமகள் ஒரு தோல் பையைக் கொண்டுவந்து வைத்தார். “மாமனார் ஜிபூத்தியில இருந்தப்ப வாங்கினது தம்பி. கண்ணாடி பழுத்துப் போச்சு, பாத்துக் குடு.” உள்ளே பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் கேமரா, அதில் சூப்பர் டாகுமார் 50 எஃப்/1.4 லென்ஸ். உண்மையிலேயே பழுத்திருந்தது. வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தால் டிகாஷன் நிறம்.

அந்த லென்ஸில் ஒரு கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறது. அந்தக் காலத்தில் ஒளிவிலகல் அதிகமாக வேண்டும் என்பதற்காகச் சேர்த்தார்கள். தோரியத்தின் கதிரியக்கமே வருஷக்கணக்கில் கண்ணாடியைப் பழுப்பாக்குகிறது. கேமராவில் மாட்டிப் படமெடுப்பதற்குப் பயப்படவேண்டியதில்லை. உடைத்துத் தேய்ப்பது, கண்ணோடு ஒட்டிவைத்து மணிக்கணக்கில் பார்ப்பது போன்ற வேலைகள்தான் வேண்டாம். பழுப்பு போக மருந்து புறஊதா வெளிச்சம். நம் ஊரில் அதற்கா பஞ்சம் என்று சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் கோரைப்பாய் போட்டு லென்ஸை வானம் பார்க்க வைத்துவிட்டு, கீழே வந்து சாப்பிட உட்கார்ந்தேன்.

“என்னங்க, மேல ஏதோ பொசுங்குற வாடை?”

லென்ஸ் சரிந்து, வெயில் பாயில் குவிந்து, ஐம்பது பைசா அளவுக்கு ஓட்டை போட்டு ஓரம் புகைந்துகொண்டிருந்தது. நல்லவேளை, பக்கத்தில் காயப்போட்டிருந்த வடகத் துணிக்குப் போகவில்லை. லென்ஸும் தொடமுடியாத சூடு. அந்தச் சூட்டில் உள்ளே கிரீஸ் இளகி அபர்ச்சருக்கு ஓடியிருந்தால் அதுவும் போயிருக்கும். அதற்குப் பிறகு நெயில் பாலிஷ் உலர்த்துகிற சின்ன யூவி விளக்கு ஒன்று வாங்கி, ஒரு வாரம் இரவில் மட்டும் அடியில் வைத்தேன். டிகாஷன் வடிந்து எலுமிச்சைத் தண்ணீர் அளவுக்கு வந்தது. இந்த ஒரு லென்ஸுக்கு மட்டும் நான் கொடுத்த 2,500 ரூபாய் அந்த அம்மாவுக்கு அநியாயம் என்று பின்னால் தோன்றியது. திரும்பப் போய் இன்னும் ஆயிரம் கொடுத்தேன்.

இத்தனையும் ஒரு பக்கம். கடலோரத்தில் இருக்கிறவனுக்கு உண்மையான எதிரி பூசணம். ஐப்பசி கார்த்திகையில் எங்கள் வீட்டுக்குள் ஈரப்பத மீட்டர் 85-க்குக் கீழே இறங்காது. 60, 65-ஐத் தாண்டினாலே கண்ணாடியில் பூசணத்துக்குக் கொண்டாட்டம். முதலில் தலைமுடி மாதிரி ஒரு இழை, அப்புறம் கிளை, அப்புறம் சிலந்தி வலை. ஆரம்பத்தில் பார்த்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு தொட்ட துணியில் துடைத்துப் பிறகு ஆல்கஹாலில் துடைத்தால் போய்விடும். விட்டுவிட்டால் அது மேல்பூச்சை அரித்துவிடும். பூசணத்தைத் துடைத்தபிறகும் அதன் கோலம் கண்ணாடியில் அப்படியே இருக்கும். நான் ஆசையாகச் சேர்த்துவைத்த அசல் தோல் உறைகள்தான் பூசணத்தின் பிறந்த வீடு என்று தெரிய இரண்டு மழைக்காலம் ஆனது. உறையெல்லாம் இப்போது பரணில், தனியாக.

டப்பாக்கள் வந்தது அதனால்தான். டப்பாவுக்குக் கால் கிலோ சிலிக்கா ஜெல், உள்ளே 300 ரூபாய் மீட்டர். 40-இலிருந்து 50-க்குள் நின்றால் போதும். அரிசி போட்டுவைக்கலாம் என்பார்கள். தவிட்டுத்தூள்தான் லென்ஸுக்குள் போகும். ஜெல் நிறம் மாறினால் வறுத்துத் திரும்பப் போடலாம். நான் முதல் தடவை நீல ஜெல்லை வறுத்தது தோசைக்கல்லில். நீல நிறத்துக்குக் கோபால்ட் உப்பு சேர்க்கிறார்கள் என்பது ஆய்வகத்தில் வேலை பார்க்கிற எனக்கு அப்போது ஏன் நினைவுக்கு வரவில்லை என்று இன்றுவரை புரியவில்லை. தோசைக்கல் போனது. இப்போது ஆரஞ்சு ஜெல், தனி வாணலி. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெங்கல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியபோது எங்கள் தெருவில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. ஈரம் இல்லாமல் வைக்கிற மின்சார டிரை கேபினட் வாங்கவில்லையே என்று ஏங்கிக்கொண்டிருந்தவனுக்கு டப்பாவின் அருமை அன்றைக்குத் தெரிந்தது. மீட்டர் 46-ஐத் தாண்டவில்லை.

திருப்பாதிரிப்புலியூரில் ஸ்டூடியோவை மூடிவிட்ட ஒரு பெரியவரிடம் நிக்கானின் நிக்கார் 135 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று வாங்கினேன். நாற்பது வருஷம் கல்யாணம் எடுத்தவர். அவருடைய பீரோவில் இருந்த நான்கு லென்ஸில் மூன்றில் பூசணம். இந்த ஒன்றில் மட்டும் ஒரு இழைகூட இல்லை. எப்படிங்க ஐயா என்றேன்.

“இத மட்டும்தான் தம்பி கடைசி வரைக்கும் வெளிய எடுத்துக்கிட்டிருந்தேன். காத்தும் வெளிச்சமும் பட்டுக்கிட்டே இருந்தா அது ஏன் வருது? பெட்டியில வெச்சுப் பூட்டினாத்தான் வரும்.” அப்புறம் கேட்டார்: “உங்ககிட்ட எத்தனை இருக்கு?”

பத்து, பன்னிரண்டு என்றேன்.

தீபாவளி எண்ணிக்கைக்குப் பிறகு அவர் கேள்வியோடு உட்கார்ந்து பிரித்தேன். 27-இல் பதினொன்று 50-இலிருந்து 58 மில்லிமீட்டருக்குள். ஃபிலிம் காலத்தில் கேமராவோடு சேர்த்துக் கொடுத்தது அந்த அளவு என்பதால் மலிவாகக் கொட்டிக்கிடக்கிறது. மலிவாகக் கிடைத்ததைத்தான் நான் வாங்கியிருக்கிறேன், வேண்டியதை அல்ல. ஏ6000 போன்ற கேமராவில் 50 என்பது 75 மாதிரி நெருங்கிவிடும். நம் ஊர்ச் சந்து வீட்டுக்குள் ஆளை எடுக்கப் பின்னால் நகர்ந்தால் சுவர் முட்டும். தெருவில் நடந்து எடுக்க உதவுவது 28. அது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பதினான்கு லென்ஸில் ஒரு படம்கூட, பரிசோதித்த நாளைத் தவிர, எடுத்ததில்லை.

பதினெட்டை விற்றேன். இன்ன குறை இருக்கிறது என்று டார்ச் அடித்து எடுத்த படத்தோடு போட்டால் சட்டென்று போகிறது. பெரும்பாலும் கல்லூரிப் பையன்கள். 15,300 ரூபாய் திரும்பி வந்தது.

2025 மாசி மகத்துக்கு அந்த 135-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் போனேன். சாமிகள் வரிசையாகத் தீர்த்தவாரிக்கு இறங்குகின்றன, கூட்டம் தள்ளுகிறது, நான் கையால் ஃபோகஸ் திருப்புகிறேன். 214 படத்தில் கூர்மையாக வந்தது 19. கண்ணில் பார்த்துத் திருப்புவதைவிட, தண்ணீர் விளிம்பில் ஒரு இடத்துக்கு முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துவிட்டு, பல்லக்கு அங்கே வரும்வரை காத்திருந்தபோதுதான் அந்த 19-இல் பெரும்பாலானவை கிடைத்தன. ஒன்றில், பல்லக்குத் தூக்கிய பையன் ஒருவன் முழங்கால் வரை அலையில் நின்று சாமியைப் பார்க்காமல் கரையில் யாரையோ பார்த்துச் சிரிக்கிறான். அதை மட்டும் பிரேம் போட்டு மாட்டியிருக்கிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் காந்தி வீதிக்குப் போனேன். பெண்ணுக்குச் செருப்பு வாங்க. ரிமோட் குவியல்காரர் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். “அண்ணே, உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன்.” தினத்தாளில் சுற்றிய 50 எஃப்/1.8. டார்ச் அடித்தேன். உள்ளே முழுக்கப் பூசணம், பின் கண்ணாடியில் இரண்டு கீறல். திருப்பிக் கொடுக்கப் போனவன், பின்மூடியைப் பார்த்தேன். அசல் மூடி, தனியாக வாங்கினால் 250 ஆகும். எவ்வளவு என்றேன். 200 என்றார்.

மூடிக்காகத்தான் வாங்கினேன். லென்ஸ் இப்போதைக்கு வண்டி டிக்கியில் இருக்கிறது.